தரங்கம்பாடியின் ராஜா, செயின்ட் தாமஸின் அடிமைகள்

தமிழ்க் கிறிஸ்தவக் கூட்டங்களில் மிஷனரி சாட்சி சொல்ல ஆரம்பித்தால் எப்படியாவது வந்துவிடும் கதை ஒன்று உண்டு. மேற்கிந்தியத் தீவு ஒன்றில் ஆயிரக்கணக்கான அடிமைகளை வைத்திருக்கும் ஒரு முதலாளி, எந்தப் பாதிரியும் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்கிறான். ஜெர்மனியிலிருந்த மொரேவியர் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த இரண்டு வாலிபர்கள் இதைக் கேள்விப்பட்டு, தங்களையே அவனிடம் அடிமைகளாக விற்று, அந்தப் பணத்திலேயே கப்பலேறுகிறார்கள். கரையில் நின்று குடும்பம் அழுகிறது. கப்பலிலிருந்து கை உயர்த்தி, அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியானவரைப் பற்றி ஒரு வாக்கியம் கூவுகிறார்கள். இதைச் சொல்லும்போது பிரசங்கியார் குரல் தழுதழுக்கும். கேட்பவர்களுக்கும் கண் கலங்கும்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இருவரும் உண்மையானவர்கள்தான். லியோன்ஹார்ட் டோபர் குயவர். டேவிட் நிட்ஷ்மன் தச்சர். 1732 ஆகஸ்டில் ஜெர்மனியில் அவர்கள் சபை இருந்த ஹெர்ன்ஹூட் என்ற ஊரிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 13 அன்று டென்மார்க்கின் செயின்ட் தாமஸ் தீவில் இறங்கினார்கள். அடிமைகளோடு அடிமைகளாக வேலை செய்யத் தயார் என்று கோபன்ஹேகன் அரண்மனையில் சொன்னதும் உண்மை. அதெல்லாம் நடக்காது, வெள்ளையரை அடிமையாக இருக்க விடமாட்டார்கள் என்று ஓர் அதிகாரி சொல்லிவிட்டார். சரி, தச்சு வேலை செய்து பிழைத்துக்கொள்கிறோம் என்றார் நிட்ஷ்மன். ஊரில் மனைவி, பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர் அவர். தோழரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அப்படியே 1733இல் திரும்பியும் விட்டார்.

கதையாகத்தானே சொல்கிறார்கள், போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தத் தீவில் அடிமைகளாக இருந்தவர்கள் வேறு ஆட்கள். கதை அவர்களைக் கூட்டத்தோடு கூட்டமாக்கி, பெயர் இல்லாமல் பின்னால் நிறுத்திவிடுகிறது. செயின்ட் தாமஸில் சபையைக் கட்டியதில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது.

முதலில் தீவைப் பார்ப்போம். டேனிஷ் மேற்கிந்தியக் கம்பெனி 1672இல் செயின்ட் தாமஸில் குடியேறியது. 1718இல் பக்கத்து செயின்ட் ஜானையும் பிடித்துக்கொண்டது. 1733இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து செயின்ட் க்ராய் தீவை விலைக்கு வாங்கியது. கரும்பும் பருத்தியும் போட்டார்கள். உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். வியாபாரம் நடந்த காலம் முழுக்க டேனிஷ் கப்பல்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி ஏற்றிச் சென்றவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். ஆட்சி டென்மார்க்குடையது என்றாலும் தோட்ட முதலாளிகளில் பலர் டச்சுக்காரர்கள். அதனால் அடிமைகளிடையே டச்சுச் சொற்களும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து ஒரு புது மொழி உருவானது. டச்சு கிரியோல் என்று சொல்வார்கள். இந்த மொழி பின்னால் மறுபடி வரும்.

நம்மூரிலும் இதே ராஜாங்கம் இருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை நாயக்கரிடம் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1706இல் சீகன்பால்குவையும் ப்ளூட்ஷோவையும் அங்கே மிஷனரிகளாக அனுப்பிய நான்காம் ஃபிரெடெரிக்தான் செயின்ட் தாமஸுக்கும் ராஜா. இந்தியத் துணிக்கு அப்போது ஆப்பிரிக்கக் கரையில் நல்ல கிராக்கி. கோபன்ஹேகனிலிருந்து கினி கரைக்குப் போன கப்பல்களில் துப்பாக்கி, பிராந்தியோடு அந்தத் துணிகளும் போயின. திரும்பி ஏறியது மனிதச் சரக்கு. தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம். அதே கஜானாவின் இன்னொரு கணக்கேட்டை அவ்வளவாகப் புரட்டிப் பார்த்ததில்லை.

தொடர்பு அதோடு முடியவில்லை. மொரேவியர்களுக்குத் தலைவராக இருந்த சின்சென்டோர்ஃப் பிரபு, பையனாக ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃப்ராங்கே என்ற போதகரின் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடியிலிருந்து மிஷனரிகளின் கடிதங்கள் வந்து சேரும் இடம் அது. சீகன்பால்கு விடுப்பில் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்ற தமிழரையும் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தார். தரங்கம்பாடிக் கதைகளைக் கேட்டுத்தான் தூர தேச ஊழியத்தில் தனக்கு ஆசை வந்தது என்று சின்சென்டோர்ஃபே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த ஆசைக்கு வழி காட்டியவர் ஒரு கறுப்பர். 1731இல் டென்மார்க் ராஜா ஆறாம் கிறிஸ்டியனின் முடிசூட்டு விழாவுக்கு சின்சென்டோர்ஃப் கோபன்ஹேகன் போயிருந்தார். அங்கே ஒரு பிரபுவின் வீட்டு வேலைக்காரராக இருந்தவர் ஆன்டன். செயின்ட் தாமஸிலிருந்து கொண்டுவரப்பட்டவர். தீவில் தனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள், கடவுளை அறிய அவளுக்கு ஆசை என்றார். அப்புறம் ஹெர்ன்ஹூட்டுக்கே வந்து சபையின் முன்னால் பேசினார். அடிமைகளுக்கு வேலை ஓயாது, நீங்களும் அடிமையானால்தான் அவர்களிடம் பேச முடியும் என்று அவர் சொன்னதுதான் பின்னாளில் பிரசங்கக் கதையாக வளர்ந்தது. யாரை அனுப்புவது என்பதைச் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். டோபருக்கு வந்த சீட்டில், பையனைப் போகவிடு, கர்த்தர் அவனோடே இருக்கிறார் என்று இருந்தது.

போன இடத்தில் டோபரின் தொழில் எடுபடவில்லை. அந்த மண் சட்டிபானைக்கு ஒத்துவரவில்லை. நிட்ஷ்மன் தச்சு வேலை செய்து இருவருக்கும் சோறு போட்டார். அவர் போன பிறகு, ஆளுநர் கார்டலின் தன் வீட்டை மேற்பார்க்கும் வேலையை டோபருக்குக் கொடுத்தார். கார்டலின் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1733 செப்டம்பரில் அவர் பெயரில் ஒரு அடிமைச் சட்டம் வந்தது. ஓடிப்போக மற்றவர்களைத் தூண்டியவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் மூன்று முறை கிள்ளல், பிறகு தூக்கு. ஓடிப்போனவனுக்குக் கால் வெட்டு. எஜமான் மன்னித்தால் காதும் சாட்டையடியும். அதே வருடம் நவம்பர் 23 அன்று செயின்ட் ஜானில் கலகம் வெடித்தது. விறகுக் கட்டுக்குள் கரும்பு வெட்டும் கத்திகளை மறைத்துக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்வாமு இன வீரர்கள் முன்னின்ற அந்தக் கலகத்தை அடக்க அரை வருடமும், மார்டினிக்கிலிருந்து பிரெஞ்சுப் படையும் தேவைப்பட்டன. ஆளுநர் வீட்டுச் சொகுசு டோபருக்குச் சீக்கிரமே உறுத்தியது. வேலையை விட்டுவிட்டுக் காவல்காரராகப் போனார். 1734இல் ஊருக்கே திரும்பினார். பக்கத்து செயின்ட் க்ராய்க்கு அனுப்பப்பட்ட மொரேவியர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோனது. நாலு வருடத்தில் தீவில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு சபை கிடையாது.

1736இல் ஃபிரெட்ரிக் மார்ட்டின் என்ற மொரேவிய மிஷனரி வந்தார். இம்முறை விஷயம் நகர்ந்தது. அதற்கு ரெபேக்கா ஒரு முக்கியக் காரணம்.

ரெபேக்கா ஆன்டிகுவாவில் 1718 வாக்கில் பிறந்தவர், வெள்ளைக் கலப்புள்ளவர். சிறுமியாக இருக்கும்போதே கடத்தப்பட்டு, செயின்ட் தாமஸில் வான் பெவர்ஹவுட் என்ற தோட்டக்காரக் குடும்பத்துக்கு விற்கப்பட்டார். வீட்டு வேலைதான், வயலில் இறக்கவில்லை. அங்கேயே எழுதப் படிக்கக் கற்றார். குடும்பம் அவரை விடுதலையும் செய்தது. மார்ட்டினைச் சந்தித்தபோது அவருக்கு வயது சுமார் 18. டச்சு தெரியும், கிரியோல் தெரியும், வேதம் வாசிக்கத் தெரியும். மார்ட்டினுக்கு இல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது: எந்தத் தோட்டத்துக் குடிசைக்குள்ளும் இருட்டிய பிறகு நுழைந்து பெண்களோடு உட்கார்ந்து பேச முடியும்.

அந்த வேலை எப்படி நடந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வயல். அதன் பிறகு அவரவர் சோற்றுக்குக் கிழங்குத் தோட்டம். மிச்சமிருப்பது இரவு. மேடும் பள்ளமுமான தீவுப் பாதையில் தோட்டம் தோட்டமாக நடந்து, ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து பெண்களைச் சேர்த்து, எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்து, ஜெபித்துவிட்டு அடுத்த தோட்டம். ஆண்களுக்கு ஆண்கள், பெண்களுக்குப் பெண்கள் என்று சின்னச் சின்னக் குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் அடிமைகளிலிருந்தே ஒரு பொறுப்பாளர். நம் கிராமத்துச் சபைகளில் போதகர் ஐயர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் சபையை நடத்துவார் என்பார்களே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. நோயாளியைப் பார்ப்பது, சண்டை தீர்ப்பது, சாவு வீட்டில் நிற்பது எல்லாம் இவர்கள் கையில். அடிமைக்கு எந்தப் பதவியும் இல்லாத ஊரில் இது ஒரு பதவி. பல மொழி, பல குலத்திலிருந்து பிய்த்தெடுத்து வரப்பட்டவர்களுக்கு இது ஒரு உறவு வட்டமும் ஆனது.

முதலாளிகளுக்குப் புரியாமல் இல்லை. அடிமை எழுத்துக் கற்றால், ராத்திரியில் கூட்டம் கூடினால் என்ன ஆகும்? செயின்ட் ஜான் கலகம் நடந்து மூன்றே வருடம்தான் ஆகியிருந்தது. அடித்தார்கள், புத்தகங்களைப் பிடுங்கி எரித்தார்கள், அந்த ஞானஸ்நானத்தை நாய்க்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் என்று கேலி செய்தார்கள். 1738இல் ரெபேக்கா மத்தேயஸ் ஃப்ராய்ன்ட்லிக் என்ற வெள்ளை மொரேவியரை மணந்தார். மணம் செய்துவைத்தது மார்ட்டின். டச்சுச் சபைப் போதகர் மார்ட்டினின் குருப்பட்டத்தையே ஒப்புக்கொள்ளவில்லை. அப்படியானால் திருமணமும் செல்லாது என்று ஆனது. வேறொரு வழக்கில் சத்தியப் பிரமாணம் எடுக்க மொரேவியர்கள் மறுத்ததும் சேர்ந்துகொண்டது. மூவரும் சிறையில். ரெபேக்காவை மறுபடி அடிமையாக விற்கும் பேச்சும் எழுந்தது. துறைமுகத்துக்கு எதிரே சிவப்புப் பூச்சோடு இன்றும் நிற்கிறது ஃபோர்ட் கிறிஸ்டியன் கோட்டை. அதன் சுவருக்கு வெளியே அடிமைகள் வந்து கூடுவார்கள்; உள்ளிருந்து மார்ட்டின் பிரசங்கிப்பார். கூட்டத்தைக் கலைக்கச் சிறையில் போட்டார்கள். கூட்டம் சிறைக்கு வந்தது.

1739 ஜனவரி கடைசியில் சின்சென்டோர்ஃப் கப்பலில் வந்து இறங்கினார். ராஜ குடும்பத்துக்கு வேண்டியவர். ஆளுநரிடம் பேசி உடனே அவர்களை வெளியே கொண்டுவந்தார். சில வாரம் தங்கிவிட்டுக் கிளம்புமுன் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு முன்னால் ஒரு விடைபெறும் உரை. அதில் அவர் சொன்னதைச் சுருக்கினால்: ராஜாக்கள், எஜமான்கள், வேலைக்காரர்கள், அடிமைகள் எல்லாம் தேவன் வைத்த ஏற்பாடு. முதல் கறுப்பர்களைத் தேவன்தான் அடிமைத்தனத்தால் தண்டித்தார். மனந்திரும்பினால் கெட்ட எண்ணத்திலிருந்து விடுதலை உண்டு, எஜமானிடமிருந்து கிடையாது. கீழ்ப்படிந்து உழையுங்கள்.

சில வாரம் முன்பு சிறைக் கதவைத் திறந்தவர் இவர்தான். எனக்கு இது முரணாகத் தோன்றவில்லை. ஆத்துமாவுக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டு நோட்டு வைத்திருந்த காலம் அது. மொரேவியர்கள் தங்கள் பிழைப்பையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே மிஷன் அந்தத் தீவில் ஒரு தோட்டத்தை வாங்கியிருந்தது. பின்னாளில் அதற்கு நியூ ஹெர்ன்ஹூட் என்று பெயர். முதலாளிகளின் நிலத்தில் கூட்டம் நடத்தினால் விரட்டுகிறார்கள், நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பது காரணம். காரணம் நியாயம்தான். நிலத்தோடு அடிமைகளையும் சேர்த்து வாங்கினார்கள். அடிமைகளோடு அடிமையாக உழைக்கிறோம் என்று கோபன்ஹேகனில் சொல்லி முழுதாக ஆறு வருடம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சகோதரன், திங்கட்கிழமை சொத்து என்ற இந்த ஏற்பாடு நூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. கீழ்ப்படிதலைப் போதித்ததால்தான் முதலாளிகளின் எதிர்ப்பும் மெல்ல அடங்கியது. மொரேவிய அடிமை ஓடமாட்டான் என்று சிலர் விரும்பியே அனுப்பவும் செய்தார்கள்.

பிரபு பேசியதை அடிமைகள் கேட்டார்கள். கேட்டுவிட்டு அவர்கள் செய்த வேலை வேறு. எழுதக் கற்ற கையோடு, அவர் கப்பலேறும்போது கடிதங்களைக் கொடுத்தனுப்பினார்கள். 650 பேர் சார்பில் ராஜாவுக்கு ஒன்று. எரித்த புத்தகங்கள், அடி, வெட்டு, நாய் ஞானஸ்நானம் எல்லாம் அதில் இருக்கிறது. 250க்கும் மேற்பட்ட பெண்கள் சார்பில் ராணிக்கு இன்னொன்று. அதை எழுதியவர் மாரோட்டா என்ற முதிய பெண். ஆப்பிரிக்காவின் போப்போ கரையைச் சேர்ந்தவர், ஞானஸ்நானப் பெயர் மக்தலேனா. கடிதம் இரண்டு மொழியில் இருக்கிறது: மேலே அவருடைய தாய்மொழி, கீழே டச்சு கிரியோல்.

அதில் அவர் சொல்லும் முறை கவனிக்க வேண்டியது. போப்போ தேசத்தில் இருந்தபோது நான் கர்த்தராகிய மாவுவைச் சேவித்தேன் என்று தொடங்குகிறார். மாவு அந்தப் பகுதி மக்களின் பெருந்தெய்வம். பழைய தெய்வத்தைப் பிசாசு என்று சொல்லி அவர் ஆரம்பிக்கவில்லை. இப்போது வெள்ளையர் தேசத்துக்கு வந்துவிட்டேன், இங்கே கர்த்தராகிய இயேசுவைச் சேவிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்கிறார். வெள்ளைக்காரர்கள் அவருக்குக் கீழ்ப்படியவில்லை என்றால் அது அவர்கள் இஷ்டம். ஏழைக் கறுப்பர்கள் சேவிக்க நினைத்தால் ஓடிப்போன கலகக்காரர்களைப்போல நடத்துகிறார்கள். மார்ட்டின் எங்களுக்குப் போதிக்க ராஜாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். தன் முறையீட்டில் அவர் விடுதலை கேட்கவில்லை. ஆனால் கிறிஸ்தவம் வெள்ளைக்காரருடைய உடைமை என்ற எண்ணமே அந்தக் கடிதத்தில் கிடையாது. தோட்டக்காரர்களை அவர் கிறிஸ்தவர்களாகவே எண்ணவில்லை. கோபன்ஹேகனில் இதற்குப் பலன் இருந்தது: மிஷனைத் தடுக்கக் கூடாது என்று ராஜா உத்தரவிட்டார்.

இந்த மக்களைப் பற்றி இன்று இவ்வளவு தெரிவதற்குக் காரணம் ஓல்டென்டோர்ப். மிஷனின் வரலாற்றை எழுத 1767இல் அனுப்பப்பட்டவர், அடிமைகளை உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் எந்த தேசம், எப்படிப் பிடிபட்டாய், உங்கள் மொழியில் கடவுளுக்கு என்ன சொல் என்று கேட்டு எழுதினார். ஆயிரக்கணக்கான பக்கம். 1777இல் புத்தகம் வந்தபோது பெரும்பகுதியை வெட்டிவிட்டிருந்தார்கள், மனிதர் நொந்துபோனார். முழுப் பிரதி வெளிவர 2000ஆம் ஆண்டு தாண்ட வேண்டியிருந்தது. சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதியனுப்பியதற்கும் இதே கதிதான்: அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்று ஹாலேயில் வைத்துக்கொண்டார்கள். சென்னையில் அச்சேறியது 1867இல்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். டென்மார்க் 1792இல் அடிமை வியாபாரத்தைத் தடை செய்து ஆணையிட்டது. அமலுக்கு வந்தது 1803இல். வியாபாரம்தான் நின்றது, அடிமைத்தனம் இருந்தது. 1841இல் செயின்ட் க்ராயில் அடிமைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்து, நடத்தும் பொறுப்பை மொரேவியர்களிடம் கொடுத்தார்கள். டேனிஷ் அரசாங்கம், ஜெர்மானியச் சபை, ஆப்பிரிக்கப் பிள்ளைகள், பாடமோ ஆங்கிலத்தில்! 1847இல் ராஜா, இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு விடுதலை, மற்றவர்களுக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து என்றார். பன்னிரண்டு வருடம் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. 1848 ஜூலை 2 இரவு செயின்ட் க்ராயில் சங்கு முழங்கியது, தோட்ட மணிகள் அடித்தன. மறுநாள் ஃபிரெடெரிக்ஸ்டெட் கோட்டை முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்க, ஆளுநர் வான் ஷோல்டன் எல்லோரும் விடுதலை என்று அறிவித்தார். அடுத்த வருடமே வருடாந்தர ஒப்பந்தச் சட்டம் வந்து காலைக் கட்டியது. அதை எதிர்த்து 1878 அக்டோபரில் தோட்டங்கள் எரிந்தன. தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற டென்மார்க், இந்தத் தீவுகளையும் 1917இல் இரண்டரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்றுவிட்டது.

ரெபேக்கா அந்த முடிவுகள் எதையும் பார்க்கவில்லை. 1742இல் கணவரோடும் மகளோடும் ஐரோப்பா போனார். ஃப்ராய்ன்ட்லிக் பயணத்திலேயே இறந்தார். 1746இல் கிறிஸ்டியன் ப்ரோட்டனை மணந்தார். அவரும் கலப்பினத்தவர், இன்றைய கானா கரையில் பிறந்தவர். இருவரும் பிறகு அங்கே போய்க் கோட்டைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அடிமைகளைக் கப்பலேற்றிய அதே டேனிஷ் கோட்டை. ரெபேக்கா 1780இல் அங்கேயே இறந்தார். அதற்கு அடுத்த வருடம் கோபன்ஹேகனில் டச்சு கிரியோலில் புதிய ஏற்பாடு ஒன்று அச்சானது.

அந்தப் புதிய ஏற்பாட்டை வாசிக்க இப்போது ஆளில்லை. பள்ளியும் சபையும் ஆங்கிலத்துக்கு மாறின. டச்சு கிரியோல் பேசிய கடைசி ஆள் 1987இல் இறந்தார். ராணிக்கு மாரோட்டா எழுதிய கடிதத்தின் கீழ்ப்பாதியை அதன் பிறகு ஆய்வாளர்கள்தான் படிக்கிறார்கள். மேல்பாதியில் இருக்கும் மொழியின் உறவு மொழிகளை டோகோவிலும் பெனினிலும் இன்றைக்கும் லட்சக்கணக்கானோர் பேசுகிறார்கள். அங்கே பல சபைகளில் கடவுளுக்கு வழங்கும் பெயர் மாவு.